பெனிஷியாவில் நின்ற ஒட்டகங்கள்

ஆயுதக் கிடங்கு என்றாலே பீரங்கியும் வெடிமருந்தும்தான் நினைவுக்கு வரும். கலிஃபோர்னியாவின் பெனிஷியா கிடங்கைப் பற்றிப் படித்ததில் என் மனதில் ஒட்டிக்கொண்டது ஒட்டகங்கள்!

1849இல் அங்கே ராணுவ முகாம் வந்தது. 1851இல் ஆயுதக் கிடங்கு. மேற்குக் கரையில் அமெரிக்க ராணுவத்துக்கு அதுதான் முதல் ஆயுதக் கிடங்கு.

அப்புறம்தான் ஒட்டகக் கதை. பாலை நிலத்தில் சுமை தூக்க ஒட்டகம் சரியாக இருக்கும் என்று 1855இல் நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்கியது. கடல் தாண்டி வந்த அந்த ஒட்டகங்கள் டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவரை மூட்டை சுமந்தன. தண்ணீரில்லாத வழியிலும் அசராமல் நடந்தன. ஆனால் உள்நாட்டுப் போர் வந்ததும் அவற்றைக் கவனிக்க யாருமில்லை. கலிஃபோர்னியாவில் இருந்தவற்றைப் பெனிஷியாவுக்கு ஓட்டிவந்து, 1864இல் ஏலம் போட்டுவிட்டார்கள். சொன்ன வேலையைச் செய்து முடித்த உயிர்களுக்கு இதுவா மரியாதை? எனக்கு மனசு ஆறவில்லை.

கிடங்கு இரண்டாம் உலகப் போரையும் பார்த்துவிட்டு, 1960களில் மூடப்பட்டது. பழைய பட்டறைகளில் இப்போது ஓவியர்களும் மற்ற கலைஞர்களும் வேலை செய்கிறார்கள். ஒட்டகங்கள் தங்கிய மணற்கல் கிடங்குகள் அருங்காட்சியகமாகிவிட்டன. ஊர்க்காரர்கள் அவற்றை இன்றும் ஒட்டகக் கொட்டகை என்றே சொல்கிறார்கள்.