அறுபத்து நான்கு என்று சொன்ன பென் டிரைவ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என்னுடைய மடிக்கணினி 2017-இல் வாங்கியது. அதில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி என்பதால் விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்ளாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போட மனம் வராமல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய அந்த வேலை என்னை மூன்று நாள் அலைக்கழித்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கைப்பேசி உதிரிபாகக் கடை ஒன்றில் 64 ஜிபி பென் டிரைவ் இரண்டை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்று பூட் செய்வதற்கு, அதாவது கணினியை அதிலிருந்து எழுப்பி மின்ட்டை நிறுவுவதற்கு. மற்றொன்று என் கோப்புகளைப் பத்திரப்படுத்துவதற்கு. அந்த விலையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை; பேரம் படிந்த மகிழ்ச்சியில் இருந்தேன். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களை ஆண்டுக்கு ஒன்றாகச் சுருக்கி வைத்திருந்த ஒன்பது ஜிப் கோப்புகளை இரண்டாவது டிரைவில் நகலெடுத்தேன். பெயர்களும் அளவுகளும் சரியாகத் தெரிந்தன. அதை அலமாரியில் வைத்துவிட்டு முதல் டிரைவை எடுத்தேன்.

பூட் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்னும் மென்பொருளால் மின்ட்டை எழுதி முடித்து, கணினியை அணைத்துப் போட்டு, எஃப்12 விசையைத் தட்டினால் பூட் பட்டியலில் பென் டிரைவே இல்லை. மூன்று முறை மீண்டும் எழுதியும் பலனில்லை. கணினித் துறையில் இருக்கும் நண்பரிடம் கொண்டு போனபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க பயாஸ் லெகசியில இருக்கா, யூஇஎஃப்ஐ-ல இருக்கா?" அதுதான் காரணம். பயாஸ் என்பது கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல்; லெகசி என்பது பழைய பூட் முறை, யூஇஎஃப்ஐ புதியது. சில ஆண்டுகளுக்கு முன்பு விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் லெகசி முறையில் போட்டிருக்கிறார்; நானோ ரூஃபஸில் ஜிபிடி என்னும் பகிர்வு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன், அது யூஇஎஃப்ஐ முறையில் மட்டுமே எழும். பயாஸை யூஇஎஃப்ஐ-க்கு மாற்றியதும் பென் டிரைவ் பட்டியலில் வந்துவிட்டது; ஆனால் பழைய விண்டோஸ் எழவில்லை. ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. லெகசி முறையில் நிறுவிய விண்டோஸ் அப்படித்தான் நடந்துகொள்ளும், திரும்ப மாற்றினால் வந்துவிடும், பதற வேண்டியதில்லை.

நண்பர் அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். உதவும் ஆர்வத்தில் அவர், "இதுலயே ஒரு பூட் மெனு போட்டுக் கொடுத்துடறேன், எத்தனை ஐஎஸ்ஓ வேணாலும் வெச்சுக்கலாம்" என்றார். ஐஎஸ்ஓ என்பது ஓர் இயங்குதளத்தின் முழு நிறுவல் கோப்பு. மைத்துனரின் புதிய கணினிக்கும் விண்டோஸ் போட வேண்டியிருந்ததால் நானும் தலையாட்டினேன். தம்முடைய உபுண்டு கணினியில் அவர் டிரைவின் தொடக்கத்தில் அந்தப் பூட் மெனுவை நிறுவி, முதலில் ஐந்து ஜிபிக்கு மேல் வரும் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவையும், அதற்கு அடுத்து மூன்று ஜிபிக்குச் சற்றுக் குறைவான மின்ட் ஐஎஸ்ஓவையும் நகலெடுத்தார். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

அறிமுகமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்ததால் முதல் முறை "செக்யூரிட்டி வயலேஷன்" என்று ஒரு நீலத் திரை வந்தது. அதிலேயே என்ரோல் கீ என்பதைத் தேர்ந்தெடுத்து, பூட் மெனுவோடு டிரைவில் இருக்கும் சாவிக் கோப்பைக் காட்டிவிட்டால் போதும். அது இரண்டு நிமிட வேலை.

அதன் பிறகுதான் சனி பிடித்தது. மின்ட் சின்னம் தோன்றும்; சிறிது நேரம் நிற்கும்; பிறகு கறுப்புத் திரையில் "ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்" என்று, அதாவது ஐஎஸ்ஓவுக்குள் சுருக்கி வைத்திருக்கும் கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று, வரி வரியாகக் கொட்டும். ஐஎஸ்ஓ பழுதடைந்திருக்கலாம் என்று எண்ணி மறுபடி இறக்கினேன். என் கைப்பேசித் திட்டத்தில் ஒரு நாளைக்கு 2 ஜிபிதான். அது தீர்ந்ததும் வேகம் ஆமையாகிவிட, மிச்சத்துக்காக நள்ளிரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருந்தேன். புதிய கோப்பிலும் அதே பிழை. மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, ராமை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை மகளின் ரப்பரால் தேய்த்துப் போட்டேன். நம் ஊர்க் கணினி மருத்துவத்தில் அதுதானே முதல் சிகிச்சை? பலிக்கவில்லை. நீல நிற யூஎஸ்பி துளையை விட்டுக் கறுப்பில் செருகியும் பார்த்தாயிற்று.

இரண்டாம் நாள் மாலை மீண்டும் நண்பர் வீட்டுக்குப் போய், கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும், இணையத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு எங்கள் கோப்பை ஒப்பிட்டோம். வன்தட்டில் இருந்தது எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. பென் டிரைவில் இருந்ததை அழித்து மீண்டும் நகலெடுத்து உடனே சோதித்தால் அதுவும் பொருந்தியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று டிரைவை முறைப்படி கழற்றிய பிறகு, எதற்கும் இன்னொரு முறை என்று அவர் அதைச் செருகிச் சோதித்தார். இம்முறை வந்த எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் முறை கணினி பென் டிரைவைப் படிக்கவே இல்லை; சற்று முன் நகலெடுத்ததால் தன் நினைவகத்தில் இன்னும் தங்கியிருந்த பிரதியைப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கிறது. ஆகவே பென் டிரைவில் இருப்பதைச் சோதிப்பவர்கள் ஒரு முறை கழற்றிச் செருகிய பிறகே சோதியுங்கள். இந்த ஒன்று தெரியாமல் நாங்கள் இழந்தது ஒரு மாலைப் பொழுது.

அதற்கப்புறம் டிரைவைக் காலி செய்துவிட்டு, எஃப்3 என்னும் கருவியை நிறுவி ஓட விட்டோம். டிரைவ் நிறையும் வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது அதன் வேலை. விண்டோஸில் இதற்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ இருக்கிறது. இரவு முழுவதும் ஓடி, காலையில் தீர்ப்புச் சொன்னது: நல்ல நிலையில் இருப்பது ஏழு ஜிபி சொச்சம், மீதி அனைத்தும் தொலைந்தது. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். கணினி கேட்டால் 64 என்று சொல்லும்படி கட்டுப்பாட்டுச் சிப்பை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். ஏழுக்கு மேல் எழுதுவதை அது மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும், எங்கும் வைக்காது. விண்டோஸ் ஐஎஸ்ஓ முன்பகுதியை அடைத்துக்கொள்ள, பின்னால் வந்த மின்ட்டின் கடைசிப் பகுதி காற்றோடு போயிருக்கிறது. மின்ட் மட்டும் தனியாக இருந்திருந்தால் தொடக்கத்திலேயே அடங்கி, சிக்கலின்றி நிறுவப்பட்டிருக்கும்.

இதை நண்பர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. அலமாரியில் இருந்த இரண்டாவது டிரைவும் அதே கடை, அதே பொட்டலம். வீட்டுக்கு ஓடிப் போய்த் திறந்தேன். ஒன்பது ஜிப் கோப்புகளும் பட்டியலில் இருந்தன, அளவுகள்கூடச் சரியாக இருந்தன. முதல் இரண்டு திறந்தன. மூன்றாவது பாதியில் பிழை காட்டியது. மற்ற ஆறும் வெறும் பெயர்கள். பெயர்ப் பட்டியல் எழுதப்படுவது டிரைவின் தொடக்கத்தில், அதாவது உண்மையாகவே இருக்கும் அந்த ஏழு ஜிபிக்குள். அதனால்தான் நகலெடுத்த அன்று எனக்கு எதுவும் தெரியவில்லை. மின்ட் முதல் நாளே எழுந்திருந்தால், வன்தட்டை முழுவதும் அழித்து நிறுவு என்னும் பொத்தானை நான் அன்றே அழுத்தியிருப்பேன். இரண்டு நாளாக நான் சபித்துக்கொண்டிருந்த பிழைதான் படங்களைக் காப்பாற்றியது.

கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. "சார், கவர் பிரிச்சா ரிட்டன் கிடையாது, பில்லும் உங்ககிட்ட இல்ல" என்றார். பில் கேட்டு வாங்காதது என் தவறுதான்.

மூன்றாம் நாள் வேறொரு கடையில் பில்லோடு ஒரு 32 ஜிபி டிரைவ் வாங்கி, முதலில் எஃப்3 சோதனை செய்து, பிறகு மின்ட்டை எழுதினேன். படங்களை மைத்துனரின் வன்தட்டுக்கு நகலெடுத்து, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பார்த்த பிறகே வன்தட்டை அழித்தேன். நிறுவல் இருபது நிமிடம். வைஃபை தானாகவே வந்தது. பழைய இரண்டு டிரைவ்களையும் நண்பர் எஃப்3-ஃபிக்ஸ் கொண்டு உண்மை அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். ஒன்று இப்போது மைத்துனரின் காரில் பாட்டுப் பாடுகிறது. அதன் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி "7" என்று எழுதி வைத்திருக்கிறேன்.