ரேடாரின் கண்ணுக்குத் தப்பும் நீர்

ஐப்பசிப் பிற்பகல்களில் பேச்சிப்பாறைக்கு அப்பால் மலைமேல் கருமுகில் திரளும்போது, தக்கலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றபடி திருவனந்தபுரத்து ரேடார் படத்தைக் கைபேசியில் பார்ப்பது என் வழக்கம். பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதுதான்; ஆனால் அந்த முகிலிலும், ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு மேலே, பனித்துகள்களும் உறையாத நீர்த்துளிகளும் கலந்தே இருக்கின்றன.

0 டிகிரிக்குக் கீழே போனதும் நீர் உறைந்தே தீரும் என்பதில்லை. படிகம் தொடங்குவதற்கு ஏற்ற ஒரு துகள் கிடைக்காவிட்டால், நுண்துளி ஏறத்தாழ −38 டிகிரி செல்சியஸ் வரை நீராகவே நிற்கும். இந்த மீக்குளிர் நீர் விமான இறக்கையில் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானாவில் ஏடிஆர் 72 விமானம் விழுந்து 68 பேர் இறந்தது, மீக்குளிர்ந்த தூறல் துளிகள் இறக்கையில் இப்படி உறைந்ததால்தான்.

இத்தனை ஆபத்தான நீரை ரேடார் ஏன் காட்டுவதில்லை? ரேடார் அனுப்பும் அலை துளியில் பட்டுத் திரும்புவதே எதிரொலி; அதன் வலிமை துளியின் விட்டத்தினுடைய ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 0.02 மில்லிமீட்டர் முகில்துளிகள் 1,500 கோடிக்கு மேல் சேர்ந்தால்தான் 1 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று தரும் எதிரொலி கிடைக்கும். பனிமுகிலிலோ பெரிய பனித்துகள்களின் எதிரொலியே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. செண்டைமேளத்துக்கு நடுவே கொசுவின் ரீங்காரத்தைத் தேடுவது போன்றதுதான் இது.

ஆகவே வேகத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள்; எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுவே. வானை நோக்கி நேர்செங்குத்தாக நிறுத்திய, துகள்களின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் ரேடாரில் எதிரொலியை வேகவாரியாக வரைந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் விழும் பனிக்கு ஒரு முகடும், ஏறக்குறைய அசையாமல் மிதக்கும் துளிகளுக்கு இன்னொரு முகடும் தனித்தனியே எழக்கூடும். காற்றின் கொந்தளிப்பு மிகுந்தால் இரண்டும் கலந்து குழம்பிவிடும். அப்போதும் ஒரு தடயம் மிஞ்சுகிறது: துளிகள் மோதி உறைந்து ஒட்டிய பனித்துகள் கனத்து, நொடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என விரைந்து விழுகிறது. அதன் வடிவமும் உருண்டையாகிவிடுவதால், கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இருவகை அலைகளை அனுப்பும் ரேடாரில், அவ்விரண்டின் எதிரொலிகளுக்கிடையே தட்டையான படிகங்கள் காட்டும் வேறுபாடு மங்கிப்போகிறது. நீரை நேராகக் காணாமல், அது பனிக்குச் செய்ததைக் கொண்டு அறியும் வழி இது.

என் கைபேசிப் படத்தில் இவை எதுவும் தெரிவதில்லை. மலைமேல் விரியும் அந்தச் சிவப்பு முழுவதும் பெரிய துளிகளும் பனிக்கட்டிகளும் அனுப்பிய எதிரொலியே. மீக்குளிர் நுண்துளிகளின் பங்கு அதில் இல்லை என்றே சொல்லலாம்.