கிணத்துல கெடச்ச வீசைக்கல்லும் பல்லாவரத்து ஸ்பேனரும்

போன மாசம் சைதாப்பேட்டையில பெரியப்பா வீட்டு கிணத்துல தூர் வாரினாங்க. பழைய இரும்பு எதுவானாலும் எனக்கு எடுத்து வைங்கன்னு முன்னாடியே ஆளுங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன். ரெண்டு வாளி, ஒரு நசுங்கின பித்தளை செம்பு, அப்புறம் சேறு அப்பின உருண்டையா ஒரு இரும்பு, கையில தூக்குனா நல்ல கனம். மொதல்ல எதோ மெஷின் பார்ட்ஸுன்னுதான் நெனச்சேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். போன வருஷம் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில வாங்குன ஒரு ஸ்பேனரை அவசரப்பட்டு கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி தேச்சேன், பளபளன்னு ஆச்சு, ஆனா மேல இருந்த எழுத்து மொத்தமா போயிடுச்சு, அது எந்த ஊர் சாமான்னு இனி கண்டுபிடிக்கவே முடியாது. இன்னிக்கு வரைக்கும் அது மனசுல உறுத்துது. அதனால இந்த தடவை வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா தேச்சு, சோப்புத் தண்ணியில அலசி, உடனே ஹேர் டிரையர்ல காய வச்சு தையல் மெஷின் எண்ணெய் தடவிட்டேன். நம்ம ஊர் உப்புக்காத்துக்கு ஒரு மணி நேரம் சும்மா விட்டாலே திரும்ப செம்மண் கலர்ல துரு ஏறிடும்.

துரு போனதும் அடியில ஒரு குழி தெரிஞ்சுது, உள்ள சாம்பல் கலர்ல ஈயம், நகத்தால அழுத்துனா கோடு விழுது. பெரியப்பா அந்தக் காலத்துல மளிகைக் கடை வச்சிருந்தவர், கையில வாங்கி ரெண்டு தடவை தூக்கிப் பார்த்துட்டு "இது வீசைக்கல்லுடா, எடை சரி பண்றதுக்கு ஈயம் ஊத்தி அதுமேல முத்திரை குத்துவாங்க"ன்னார். கிச்சன் தராசுல வச்சேன், 1376 கிராம். வீசைன்னா கிலோ வர்றதுக்கு முன்னாடி இருந்த எடை அளவு, 40 பலம், பலத்துக்கு 3 தோலா, ஆக 120 தோலா. தோலா 11.66 கிராம்னு போட்டா 1399 வருது. கொறையிற 23 கிராம் துருவா போயிருக்கும். முத்திரை அழிஞ்சு போச்சு, வருஷம் படிக்க முடியல. ஆனா கிலோ கிராமுக்கு மாறுற சட்டம் 1956ல வந்து 1960கள் தொடக்கத்துல கடைகள்ல படியும் வீசையும் போயிடுச்சு, அதனால அறுபது வருஷத்துக்கு மேலன்னு தைரியமா சொல்லலாம்.

கிணத்து மேட்டுல பேசிட்டிருக்கும்போதே பெரியம்மா பரண்ல இருந்து பாதாளக் கரண்டியை எடுத்துட்டு வந்தாங்க, வளையத்தைச் சுத்தி கொக்கி கொக்கியா தொங்குமே, கிணத்துல விழுந்த வாளி எடுக்கறதுக்கு. தெருவுக்கே இவங்க வீட்டுலதான் இருந்துச்சாம், யாராவது கேட்டு வந்தா ஒரு பாத்திரத்தை ஈடா வாங்கி வச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்களாம். அதுல ரெண்டு கொக்கி இல்ல.

இந்த வாரம் பல்லாவரத்துல இன்னொரு ஸ்பேனர் கெடச்சுது. 13 மில்லிமீட்டர் நட்டுல ஆடுது, 14 நட்டு உள்ளயே போகல. வெர்னியர்ல அளந்தா 13.3 மில்லிமீட்டர். டூத் பிரஷ் போட்டதும் 1/4 டபிள்யூன்னு தெரிஞ்சுது, அதாவது விட்வொர்த், பழைய இங்கிலாந்து அளவு. அந்த கால் இஞ்ச்ங்கிறது போல்ட்டோட தண்டு கனம், ஸ்பேனர் வாயோட அகலம் இல்ல, இது தெரியாமத்தான் நான் ரொம்ப நாள் கொழம்பினேன்.

அதே பல்லாவரத்துலதான் 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கிற இங்கிலாந்து நிலவியல் ஆய்வாளர் கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்தார், அதனால அங்க போனா தரையையும் பார்த்துட்டேதான் நடக்கறேன். அப்படி ஒரு கல்லு கண்ணுல பட்டா நான் எடுக்க மாட்டேன், தொல்லியல் துறைக்கு தகவல் சொல்றதுதான் சரி.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மாவோட பாதாளக் கரண்டிக்கு பொருந்துற மாதிரி பழைய கொக்கி ரெண்டு தேடணும்.