காத்து எங்கடா போகுது?

கேமிங் கம்ப்யூட்டர் யாருக்கு என்று கேட்டால், பெரியவனுக்கு. எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவப் பரீட்சை, முடித்துவிட்டான், மேல்படிப்புக்கு உதவும். வீட்டில் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் சாமான் வாங்க கோலாலம்பூர் லோ யாட் கடைத்தொகுதிக்குக் கிளம்பிய அன்று நான் செருப்பு மாட்டிய சத்தம் அப்பாவுக்குக் கேட்டது முதல் தப்பு. எங்கே போறே என்றதற்கு உண்மையைச் சொன்னது இரண்டாவது. செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறி, ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறி, இம்பியில் இறங்கும்வரை ஒரே கேள்விதான். "அதுக்குள்ள ரேடியேட்டர் இருக்குமா?"

அப்பாவைத் தெரியுமல்லவா. செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம். 1971இல் வந்த இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல் இன்ஜின்களை எங்களைவிட நன்றாக வளர்த்தவர். எங்களுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பார்த்துக்கொள்வார். இன்ஜினுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் சைக்கிளை எடுத்துவிடுவார். உலகத்தில் சூடாகும் எதுவும் தன் இலாகாதான் என்பது அவர் நினைப்பு. பக்கத்து வீட்டுக் கார், எங்கள் ஃபிரிட்ஜ், போன தீபாவளிக்குச் சித்தியின் கோபம், எல்லாவற்றையும் திறந்து பார்த்திருக்கிறார். சித்தி விஷயம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

நானோ மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்து வீடியோ பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தேன். கம்ப்யூட்டருக்கு மூளையான சிப், ரைசன் 5 7600எக்ஸ். எக்ஸ் இல்லாத 7600 வாங்கினால் 65 வாட்தான், பெட்டியிலேயே ஒரு விசிறியும் போட்டுத் தருகிறார்கள். எக்ஸ் வாங்கினால் 105 வாட், விசிறி கிடையாது. காசும் கூட, சூடும் கூட, கையில் வருவது குறைவு. ஆனாலும் எக்ஸ் எக்ஸ்தானே. அதற்கு மேலே மூன்று விசிறி, நிறம் மாறும் ஆர்ஜிபி விளக்கு, தண்ணீர்க் குழாயெல்லாம் வைத்த 360 மில்லிமீட்டர் கூலரை மாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெகஜோதியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கனவு.

கடைப் பையன் "அங்கிள், வாட்டர் கூலிங்" என்று எடுத்து வைத்தான். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரப்பர் குழாயை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். பட்டறை மலாயில் தொடங்கினார்.

"ஆயர் போச்சோர், சியாப்பா தாங்கோங்?" தண்ணி ஒழுகினா யார் பொறுப்பு?

ஒழுகாது என்றான்.

பம்ப் எங்கே இருக்கு? சிப்புக்கு மேலே. பம்ப் நின்னுட்டா? மொத்தமா மாத்தணும் அங்கிள். சரி, வெறும் விசிறி வெச்சது இருக்குமே, அதுல விசிறி நின்னுட்டா? வேற விசிறி, முப்பது வெள்ளி.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கணக்குப் பரீட்சையில் நான் 38 வாங்கி வந்த அன்று பார்த்த அதே பார்வை.

"தண்ணி வெச்சாலும் கடைசியில காத்துதான்டா சூட்டைக் கொண்டுபோகணும். நம்ம வீட்டுக் காத்தே 32 டிகிரி. அதுக்குக் கீழ இது எதுவும் போகாது. ஏர்கோனா வாங்கற?"

அங்கேயே ஜெகஜோதி அணைந்தது. கடைசியில் வாங்கியது 160 வெள்ளிச் சொச்சத்துக்கு இரட்டைக் கோபுரம் வைத்த காற்றுக் கூலர், தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. ஆறு செம்புக் குழாய், இரண்டு விசிறி. உயரம் 155 மில்லிமீட்டர், பெட்டியில் 165 வரை இடம் உண்டு என்று பையன் சொன்னான். அப்பா நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். அது எப்போதும் அங்கேதான் இருக்கும், கல்யாணத்துக்குப் போனாலும். கூலரை நிறுத்தி வைத்து அளந்து, "ஆறு அங்குலம் ஒரு நூல்" என்றார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. பெட்டியை அளந்து, "ஆறரை. மூணு நூல் மிச்சம். எடு" என்றார். பையன் தன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அசாசின் என்றால் கொலைகாரன் என்று பெரியவன் பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொன்னது தேவையில்லாத வேலை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். ராகு காலம் என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. திருகு முடுக்கி, சிப்பின் மேல் பட்டாணி அளவு சூடு கடத்தும் பசை வைத்து, ஒயரெல்லாம் கட்டி, ஸ்விட்சைப் போட்டால் திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. விசிறி சுற்றுகிறது, படம் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் சூடம் எடுக்கப் போனார். டிடிஆர்5 ராம் முதல் தடவை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள சில நிமிடம் எடுக்கும் என்று எந்த வீடியோவிலோ பார்த்தது அப்போதா ஞாபகத்துக்கு வரும்? படம் வந்தபோது சூடமும் எரிந்துகொண்டிருந்ததால் பெயர் யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

கேம் போட்டேன். பத்தே நிமிடத்தில் 92 டிகிரி. இந்த சிப் 95 வரை தாங்கும்படி செய்ததுதான், பயமில்லை என்று நான் சொல்ல, "இன்ஜினும் தாங்கும்தான், அதுக்காக அப்படியேவா ஓட்டுவாங்க" என்றபடி அப்பா சாமி மேடையிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளிச் சாமானுக்குள் கங்கு. கண்ணை மூடிக்கொண்டேன்.

பெட்டிக்கு முன்னால் காட்டினார். புகை உள்ளே போனது. பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி, கோபுரத்துக்கும் பின்விசிறிக்கும் நடுவில் காட்டினார்.

"காத்து எங்கடா போகுது?"

பின்பக்கம் போக வேண்டிய புகை கோபுரத்துக்குள் புகுந்து முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. கோபுர விசிறி இரண்டையும் நான் திருப்பிப் போட்டிருக்கிறேன். பளிச்சென்ற பக்கம் காற்றை இழுக்கும், குறுக்குச் சட்டம் உள்ள பக்கம் வெளியே தள்ளும். முன்விசிறி உள்ளே தள்ள, இது எதிரே தள்ள, தைப்பூசத்தன்று பத்துமலையில் ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் ஒரே படியில் முட்டிக்கொண்ட மாதிரி. கம்பிக் கொக்கியைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். 78.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது தினமும் ராத்திரி பத்து மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறார். கேமைப் பார்ப்பதில்லை, மூலையில் ஓடும் எண்ணை மட்டும். "எவ்வளவு?" என்பார், நான் பதில் சொல்லும் நேரத்தில் என்னைச் சுட்டுவிடுவார்கள். நேற்று மேசை மேல் அவருடைய பழைய நோட்டு திறந்து கிடந்தது. தேதி, மணி, அறைச் சூடு, அடுத்த கட்டத்துக்கு மேல் 'இன்ஜின்' என்று எழுதியிருந்தார். பதினான்கு நாள் கணக்கு, கோடு போட்டு.

இன்று ராத்திரி நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தார். "84 காட்டுதே, ஏன்?"

பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், அம்மா மோர் மிளகாய் முறத்தைச் சூடான காற்று வெளியே வரும் இடத்தில் ஒட்டி நிறுத்தி வைத்திருக்கிறார். சாயங்காலம் தவறாமல் மழை, வெயில் இல்லை, வேறு என்ன செய்வதாம். நான் முறத்தைத் தூக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்தி, சட்டைப் பையைத் துழாவினார்.

"எடுக்காதே. ஒரு ஸ்கேல் தள்ளி வை, மிளகாயும் காயட்டும்."