"நீங்க ஏதாவது கேக்கணுமா?"

ஏப்ரல், மே வந்தால் தனியார் பள்ளிகளில் ஆசிரியர் நேர்காணல் சூடுபிடிக்கும். டெமோ கிளாஸ் முடிந்து, சம்பளப் பேச்சும் ஓரளவு படிந்த பிறகு, தாளாளர் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்பார். "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்துவிடுவதுதான் நம் வழக்கம். வேலை கேட்டு வந்த இடத்தில் வாயைத் திறந்தால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

நான் முதலில் கேட்பது டைம்டேபிளைத்தான். "எவ்வளவு வேலை இருக்கும்?" என்றால் "எல்லா ஸ்கூல் மாதிரிதான் மேடம்" என்பார்கள். "போன வருஷ டைம்டேபிள் பாக்கலாமா?" என்றால் மழுப்ப முடியாது. ஒரு நாளின் எட்டு பீரியடில் ஏழு வகுப்பு போட்டிருந்தால், மிச்சம் ஒன்றும் லீவு போட்டவரின் வகுப்புக்குப் போய்விடும். நோட்டு திருத்துவதெல்லாம் வீட்டில், சாப்பாட்டுக்கு அப்புறம். கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேரம் என்கிறது. பாடம் தயாரிக்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. இதைப் பல நிர்வாகங்கள் வசதியாக மறந்துவிடும்.

மே மாதச் சம்பளம் உண்டா, அட்மிஷனுக்குத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்க அனுப்புவார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டும் பள்ளி என்றால் நான் கையெழுத்தே போட மாட்டேன். தோழி ஒருத்தி அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக, தன் பி.எட். சர்டிபிகேட்டுக்காகவே நிர்வாகத்திடம் கெஞ்ச வேண்டியிருந்தது. பி.எஃப்., பணிக்கொடை பற்றியும் கேட்கலாம். பணிக்கொடை தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் உண்டு என்று 2009-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த கேள்வி, "இந்த இடம் எப்படி சார் காலியாச்சு?" என்பது. பதிலைவிட, அதைச் சொல்வதற்கு முன் பிரின்சிபால் யார் முகத்தைப் பார்க்கிறார் என்பதைக் கவனிப்பேன். ஒரு பள்ளியில் இதைக் கேட்டதும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. ஆகஸ்டில் அதே இடத்துக்கு மறுபடியும் பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது.