சபாபதியின் கட்டுரைகளைத் தேர்வுக்குப் படித்த விதம்

பினாங்கில் கலை வரலாறு படித்த இரண்டாம் ஆண்டில், நன்யாங் ஓவியர்களைப் பற்றி, அதாவது சீனாவிலிருந்து வந்து சிங்கப்பூர், மலாயாவில் குடியேறி வரைந்தவர்களைப் பற்றி, நான் எழுதிய முதல் இடுபணி ஓரத்தில் ஒரே ஒரு சிவப்பு மைக் கேள்வியோடு திரும்பி வந்தது: "இதைச் சொன்னது யார், எப்போது?" கலை வரலாற்றாய்வாளரும் விமர்சகருமான டி.கே. சபாபதியின் கருத்தை, அது அவருடையது என்று குறிப்பிடாமல், ஓவியங்களுக்கே உரிய பிறவிக்குணம் போல எழுதி வைத்திருந்தேன்.

லியு காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நன்யாங் ஓவியர்கள் நால்வரும் பாலித் தீவுக்குச் சென்றது 1952இல். நன்யாங் ஓவியர்களின் மீள்பார்வைக் கண்காட்சி கோலாலம்பூரில் நடந்ததோ 1979இல். சீன ஓவிய மரபும் பாரிஸ் பாணியும் இவர்களிடம் கலந்த விதத்தைச் சபாபதி விளக்கியது அக்கண்காட்சியை ஒட்டித்தான். இடையிலுள்ள 27 ஆண்டுகளை நான் கவனிக்கவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் குறிப்பெடுக்கும்போது, அது எழுதப்பட்ட ஆண்டையும், கண்காட்சிக் கையேட்டுக்காகவா நாளிதழுக்காகவா எழுதப்பட்டது என்பதையும் தாளின் தலைப்பிலேயே எழுதத் தொடங்கினேன். கண்காட்சியை நடத்துபவரே கேட்டு வாங்கும் கட்டுரையையும், நுழைவதா வேண்டாமா என்று வாசலில் நிற்கும் வாசகருக்காக எழுதப்படும் மதிப்புரையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

இரண்டாவது மாற்றம் இன்னும் கடினமாக இருந்தது. விமர்சகரைப் படிப்பதற்கு முன் ஓவியத்தின் எதிரே கால் மணி நேரமாவது நின்று, கண்ணில் பட்டதைத் தமிழில் எழுதிப் பழகினேன். பினாங்குத் தீவில் வாழ்ந்த சுவா தியன் தெங், துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்தேக் நுட்பத்தையே 1950களில் ஓவியமாக்கியவர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நிற்கும் கோடுகளையும், மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் கசிந்து ஓடிய நரம்புகளையும் நானே பார்த்து எழுதிய பின்புதான், விமர்சகர் எதை முதன்மைப்படுத்துகிறார், எதைக் கடந்து போகிறார் என்பது தெரிந்தது. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதும்போது, புரியாத சொல்லை அப்படியே கடத்திவிட முடியாது என்பது கூடுதல் ஆதாயம்.

ஆனால் இந்த முறை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 1974இல் மலேசியக் கலைஞர்களான ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் நடத்திய கண்காட்சியில் ஒரு வெறும் பறவைக்கூண்டு இருந்தது. பறவை திறந்துவிடப்பட்ட நாளையும் பிற்பகல் 2.46 என்ற நேரத்தையும் அதன் தலைப்பே சொன்னது. கூண்டை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. அங்கே அவர்கள் வெளியிட்ட அறிக்கையும் படைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மேலும், மலேசிய நவீன ஓவியர்களைப் பற்றி 1983இல் வந்த நூலைச் சபாபதியுடன் சேர்ந்து எழுதியவரும் இதே பியதாசாதான். களத்தில் ஆடியவரே ஆட்டத்தையும் எழுதுகிறார் என்பதால் அந்த நூலை ஒதுக்க வேண்டியதில்லை, எனினும் அதை மேற்கோள் காட்டும்போது ஆசிரியரின் இந்த இரட்டை நிலையை விடைத்தாளில் குறிப்பிடுவது அவசியம்.

இறுதித் தேர்வில் நன்யாங் பற்றிய கேள்வியே மீண்டும் வந்தது. இம்முறை "சபாபதி 1979இல்" என்று தொடங்கினேன்.