படத்தில் இருந்த துட்டு

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிக்கென்று அடிக்கப்பட்ட பழைய காசுகளைப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். நாணய வகைகளில் நம்முடைய பணத்தை அவர்கள் ‘ஃபனோன்’ என்றார்கள்; காசை ‘காஷ்’ என்றார்கள்; துட்டை ‘தூதூ’ என்றார்கள். அந்தச் செப்புத் துட்டின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு அரச மரபின் லில்லிப் பூ இருக்கும்; 1830-களில் வந்தவற்றில் அந்த இடத்தைச் சேவல் பிடித்துக்கொண்டது. மறுபக்கத்தில் ‘புதுச்சேரி’ என்று தமிழில் பொறித்திருப்பார்கள். வேற்று நாட்டார் வெளியிட்ட காசில் நம் ஊரின் பெயர் நம் எழுத்திலேயே இருக்கிறதே என்ற மகிழ்ச்சிதான் என்னை இதில் இறக்கிவிட்டது.

சென்ற மார்கழியில் இணைய ஏலம் ஒன்றில் அப்படியொரு துட்டைக் கண்டேன். படத்தில் லில்லியின் மூன்று இதழ்களும் தேயாமல் நின்றன. ‘சே’ எழுத்தின் கொம்பு முழுதாக வளைந்திருந்தது. வலப்பக்க விளிம்பில், அடிக்கும்போது விழுந்த சிறு வெடிப்பு ஒன்று தெரிந்தது. என்னோடு இன்னும் இருவர் விடாமல் கேட்டார்கள். நானூறு ரூபாயில் தொடங்கிய ஏலம் இரவு பத்து மணிக்கு முடிந்தபோது, 2,600 ரூபாய்க்குத் துட்டு என் பெயரில் நின்றது.

ஐந்தாம் நாள் கூரியர் வந்தது. உறையைப் பிரித்து, காசை உள்ளங்கையில் வைத்து வாசல் வெயிலில் பார்த்தேன். லில்லி இருந்த இடத்தில் மேடு மட்டும் மிஞ்சியிருந்தது. மறுபக்கத்தில் ‘ரி’ ஒன்றைத்தான் படிக்க முடிந்தது. ஊரின் பெயரில் மற்ற எழுத்துகள் எல்லாம் வழுவழுவென்று மறைந்துபோயிருந்தன. கொஞ்ச நேரம் என் கண்ணையே சந்தேகித்தேன். பிறகு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. தேய்மானத்தில் எழுத்து போகலாம். விளிம்பு வெடிப்பு எப்படி மூடிக்கொள்ளும்? படத்தில் இருந்தது வேறு காசு என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. அந்தப் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடியபோது, முந்தைய ஆண்டில் வேறொருவர் நடத்தி முடித்த விற்பனைப் பக்கத்தில் அதே வெடிப்போடு அதே படம் கிடைத்தது.

விற்றவரிடம் கேட்டதற்கு, “படம் மாதிரிக்காக மட்டும், இதுவும் அதே வகைக் காசுதான்” என்று பதில் எழுதினார். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே வார்ப்பாக வரும் குக்கருக்கோ கைப்பேசிக்கோ மாதிரிப் படம் போதும். பெட்டிக்குள் இருப்பதும் அதுவேதான். கையால் அடித்த காசு அப்படியல்ல. செப்பு வில்லையின் வடிவம், அச்சு நடுவில் விழுந்ததா ஓரத்தில் விழுந்ததா என்பது, எத்தனை கைகள் மாறித் தேய்ந்தது என்பது எல்லாம் காசுக்குக் காசு வேறுபடும். தொட்டுப் பார்க்க வழியில்லாத ஏலத்தில் நாங்கள் மூவரும் விலை கேட்டது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். தேய்ந்த காசு எனக்கு இளப்பமில்லை. தேய்ந்ததென்று காட்டி விற்றிருந்தால், அதற்குரிய ஐந்நூறு ரூபாயை மனநிறைவோடு கொடுத்திருப்பேன்.

காசு அதுவாகவே இருந்து, படம் மட்டும் ஏமாற்றுவதும் உண்டு. விளக்கைச் சாய்வாக வைத்துப் படம் பிடித்தால் மங்கிய எழுத்தும் மேடாகத் தெரியும். எண்ணெய் தடவினால் செம்பின் பச்சைக் களிம்பு படத்தில் அடங்கிவிடும். புளி போட்டுத் தேய்த்து நிறத்தைக் கெடுத்த காசைக்கூட, படத்தை இருட்டாக்கிப் பழமையாகக் காட்டுகிறார்கள். ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் நான் மறுபக்கத்தைக் கேட்டு வாங்காமல் ஏலத்தில் இறங்குவதில்லை. அளவிலும் கவனம் வேண்டும். மிளகளவுக் காசும் திரை முழுவதும் நிறைந்து நிற்கும். ஆகவே, 2011-இல் அறிமுகமான வரிசையின் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்பச் சொல்கிறேன். அதன் விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர் என்பதால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். காசைக் கையில் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இல் நடைமுறைக்கு வந்தன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்றும், தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. வணிகமாக இல்லாமல், வீட்டில் கிடந்த ஒரு பொருளை எப்போதாவது விற்கும் தனிமனிதரை இவ்விதிகள் கட்டுப்படுத்தா. ஏலத்தில் விற்பவர் யாரென்று முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான். என்னிடம் விற்றவர் வாரந்தோறும் நூறு காசு விற்பவர். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, வெடிப்பைச் சுட்டிக்காட்டித் தளத்துக்கு எழுதினேன். தேவைப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கவும் எண்ணியிருந்தேன். அதற்குள் மூன்றாம் வாரத்தில் பணம் திரும்பி வந்தது, காசும் விற்றவரிடமே போயிற்று.

ஆனால் அந்த ஏலப் பக்கம் மட்டும் போகவில்லை. அழகான அந்தப் படமும், அதன் கீழே 2,600 ரூபாய் என்ற முடிவு விலையும் இன்றும் அப்படியே இருக்கின்றன. காசு சேர்ப்பவர்கள் பழைய ஏல முடிவுகளைப் பார்த்துத்தான் விலை கணிக்கிறோம். நடக்காத விற்பனை ஒன்று அந்தக் கணக்கில் ஏறிவிட்டது. நீக்கும்படி தளத்துக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், தரையில் விரித்த துணியில் பழைய காசுகளைப் பரப்பியிருந்தவரிடம் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு துட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆயிரத்தைந்நூறு கேட்கிறார், கொடுக்கலாமா ஐயா என்று என்னிடம் கைப்பேசியை நீட்டினார். “இதே காசு ஏலத்தில 2,600-க்குப் போயிருக்கு” என்றார். திரையில் இருந்தது அந்தப் பக்கம்தான். வலப்பக்க வெடிப்பை விரலால் காட்டி, நடந்ததை முழுவதும் அவருக்குச் சொன்னேன். பிறகு துணியில் கிடந்த துட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, வெயில் பக்கமாகத் திருப்பி எழுத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னேன்.